சேலை வேலி

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் போய்ச் சிறுமலை அடிவாரத்துக் கிராமங்களுக்குள் திரும்பினால், வயலைச் சுற்றிச் சேலைகள் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். சில அடிக்கு ஒரு குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி சேலையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். நைலக்ஸ், பாலியஸ்டர், சாயம்போன சின்னாளப்பட்டிச் சுங்குடி, பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த இலவசச் சேலை என்று எல்லாம் அதில் இருக்கும். காட்டுப்பன்றி உள்ளே வராமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. இங்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் காடும் வயலும் ஒட்டிக்கிடக்கும் பல மாவட்டங்களில் இதே காட்சிதான். கம்பிவேலி போடப் பணமில்லாத வீடுகளில் பீரோவின் அடித்தட்டுத்தான் வேலிக்கடை.

பன்றிக்குக் கண்பார்வை மட்டு, மோப்பம் அதிகம். சேலை காற்றில் அசையும்போது ஆள் நடமாட்டம் போலத் தெரியும் என்பார்கள். அதைவிட முக்கியமாக ஒரு காரணத்தை எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா எனக்குச் சொன்னார்: "தொவச்சுக் கட்டாதத்தா. நம்ம ஒடம்பு வாசம் அதுல இருக்கணும். அப்பத்தான் பன்னி கிட்ட அண்டாது." அவர் சொன்னதை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க அந்தத் தோட்டத்தில் களை பறிக்கிற உடம்பு இரவில் வீட்டுக்குப் போய்விடுகிறது. அதன் வாசம் மட்டும் வரப்பில் நின்று காவல் காக்கிறது.

காட்டு விலங்கு பயிரைத் தின்ன வரும்போது அதைத் தடுப்பது சரியா, எதுவரை சரி என்ற கேள்வியை அறவியல் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு தரப்பாகப் பிரிப்பார்கள். ஒரு பக்கம் விலங்கு, அதன் பசி, அதன் வாழிடம். மறுபக்கம் விவசாயி, அவர் உழைப்பு, அவர் கடன். இந்த இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் சேலை யாருடையது என்று கேட்டவுடன் மூன்றாவது ஒருத்தி வந்து நிற்கிறாள். நிலம் அவள் பெயரில் இல்லை. விலங்கின் பெயரில் சட்டம் இருக்கிறது; அவள் பெயரில் அதுவும் இல்லை. காவல் மட்டும் அவளுடையது. அவள் நிற்கும் இடத்திலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் வருகிறவர்களைப் பற்றி. சிறுமலை, நத்தம் பக்கத்துக் கரந்தமலை, அய்யலூர் மலைகள், மேற்கே கன்னிவாடி, பழனி, கொடைக்கானல் மலைத்தொடர் என்று திண்டுக்கல் சமவெளியைச் சுற்றி மலைகள்தான். காட்டுமாடு, கடமான், புள்ளிமான், காட்டுப்பன்றி, குரங்கு எல்லாம் அங்கே இருக்கின்றன. மேற்குப் பக்கத்தில் யானையும் உண்டு. மாசி, பங்குனியில் காடு காய்ந்து, நீர்க்குட்டைகள் வற்றும்போது கீழே பச்சையாக இருப்பது கிணற்றுத் தண்ணீர் பாயும் தோட்டங்கள் மட்டுமே. மயிலுக்கும் பன்றிக்கும் மலைகூடத் தேவையில்லை. தரிசாகப் போன நிலத்தில் மண்டியிருக்கும் சீமைக்கருவேலம் புதரே போதும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் தக்காளியையும் அவரையையும் நம்பிய ஏக்கர் கணக்கான தோட்டமும், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் நாலு பாத்தியும் அவற்றுக்கு ஒன்றுதான்.

எனக்கு அடிவாரத்தில் 15 சென்ட் இருக்கிறது. கத்தரி, வெண்டை, மிளகாய், ஒரு பந்தல் அவரை, இரண்டு பாத்தி சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கிழங்கைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிடும். மிளகாய் நாற்றை மயில் கொத்தும். அவரைப் பிஞ்சைக் குரங்கு பறித்துக் கடித்துப் போடும். காட்டுமாடு வந்தால் சேலையும் கிடையாது, வேலியும் கிடையாது. வளர்ந்த கிடா ஆயிரம் கிலோவரை இருக்கும். அது நடந்துபோன வழிதான் பாதை. இது எல்லாவற்றுக்கும் நேரம் வேறு வேறு. மயிலுக்கு விடியற்காலையும் சாயங்காலமும், குரங்குக்குப் பகல், பன்றிக்கு நடுராத்திரி. ஆக ஒருவர் தோட்டத்தைக் காப்பது என்றால் இருபத்துநாலு மணிநேரமும் அதன் கடிகாரத்தில் வாழ்வது.

பரண்மேல் ஏறி ராத்திரிக் காவல் இருக்கும் ஆணின் வேலை ஊருக்குத் தெரியும். டார்ச் அடிப்பார், தகரம் தட்டுவார், பட்டாசு போடுவார், காலையில் டீக்கடையில் அதைச் சொல்வார். பகல் காவல் அப்படிப்பட்டதில்லை. சமையல் முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து, பூ கட்டிக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ, ஒரு கண்ணால் குரங்கைப் பார்த்தபடி இருக்கும் பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால், "சும்மாதான் தோட்டத்துல உக்காந்திருக்கா" என்பார்கள். எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது என்ற வேலைக்கு ஒரு குணம் உண்டு. அது சரியாக நடந்தால் நடந்ததே தெரியாது. பிள்ளை விழாமல், பால் பொங்காமல், மாமியார் மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்வதும் இதே வகைதான். பெண்களின் பெரும்பாலான வேலை காவல் வேலை. அதனால்தான் அது கணக்கில் ஏறுவதில்லை.

தமிழில் இந்தக் காவலுக்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் பெண்ணைத் தினைப்புனத்தில்தான் பார்க்கிறோம். கிளி விரட்ட அவள் கையில் தட்டை, தழல், குளிர் என்று கருவிகள் இருந்தன; கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முருகன் வள்ளியைச் சந்தித்ததும் தினைப்புனத்தில்தான். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் இந்தப் பாடல்களைக் காதல் பாடல்களாகப் படித்தோம். அவை காதல் பாடல்கள்தான். ஆனால் ஒரு பெண்ணின் வேலைநேரம் அங்கே பின்னணித் திரையாகிவிட்டது என்பதைப் பாடம் நடத்தியவர்கள் யாரும் சொன்னதில்லை.

அந்த மரபில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தினை விளைந்து கதிர் கொய்த பிறகு அவளுக்குப் புனத்தில் வேலையில்லை. வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். இற்செறிப்பு என்று அதற்குப் பெயர். மலைச்சரிவில் நின்று பயிரைக் காத்தவள், அறுவடை முடிந்ததும் தானே காக்கப்படும் பொருளாகிறாள். காவல்காரி பயிராகும் இந்த மாற்றத்தை நாம் இன்னும் தாண்டவில்லை. பேச்சுவழக்கைக் கவனியுங்கள். வீட்டை மீறிப் போன பெண்ணை "வேலி தாண்டிய வெள்ளாடு" என்கிறோம். காக்க வேண்டியவனே கெடுத்தால் "வேலியே பயிரை மேய்ந்தது" என்கிறோம். இரண்டாவது பழமொழி பெண்ணுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதுபோலத் தோன்றும். அதிலும் அவள் பயிர்தான். நான் கல்லூரி படித்த காலத்தில் தங்கியிருந்த விடுதியில் மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள். வெளியே திரிகிறவர்களால் ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். திரிகிறவர்களைப் பூட்டும் யோசனை மட்டும் எந்தக் கூட்டத்திலும் வந்ததில்லை.

இப்படி வேலியால் அடைபட்டு வளர்ந்த பெண் தன் தோட்டத்துக்கு வேலி போடலாமா? மாணவி ஒருத்தி என்னிடம் இதைக் கேட்டாள். எல்லைகளை உடைப்பதுதானே பெண்ணியம், நீங்கள் எல்லை கட்டுகிறீர்களே என்றாள். நல்ல கேள்வி. என் பதில் இதுதான்: வேலி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, இன்னொரு உயிரைச் சுற்றி அதன் நன்மைக்கென்று சொல்லி நான் போடுவது. மற்றது, என் சோற்றுக்காக என் முன்னால் நான் போட்டு, இதற்கு மேல் வராதே என்று சொல்வது. முதலாவது உடைமை. இரண்டாவது மறுப்பு. மறுப்பதற்கான உரிமையைத்தான் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம். எல்லோருக்கும் கொடு, எல்லாவற்றையும் பொறு, நீ பூமாதேவி என்று சொல்லி வளர்த்தவளுக்கு, என் கத்தரிக்காயை நீ தின்னக்கூடாது என்று ஒரு மானிடம் சொல்வதுகூடக் குற்ற உணர்வைத் தரும். தரத் தேவையில்லை. அவளும் பசிக்கும் உயிர்தான்.

ஆனால் மறுப்பது வேறு, வெறுப்பது வேறு. ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் வால் பிளம்வுட் இதை உடம்பால் கற்றவர். 1985 பிப்ரவரியில் ககாடு தேசியப் பூங்காவில் தனியாகச் சிறுபடகில் போனபோது ஒரு முதலை அவரைப் பிடித்து மூன்று முறை நீருக்குள் இழுத்துச் சுழற்றியது. பலத்த காயங்களோடு தப்பினார். பழிவாங்க அந்த முதலையைக் கொல்லக்கூடாது என்றார். அதன் இடத்துக்குள் போனது நான்தான் என்றார். மனிதன் தன்னை இயற்கைக்கு வெளியே, மேலே, தின்பவனாக மட்டும் நிறுத்திக்கொள்ளும் பழக்கமும், பெண்ணை இயற்கையோடு சேர்த்துக் கீழே வைக்கும் பழக்கமும் ஒரே சிந்தனையின் இரு கிளைகள் என்பது அவர் வாதம். நாமும் யாருக்கோ உணவுதான் என்று ஏற்றுக்கொண்ட பிறகும் அவர் உயிர் பிழைக்கப் போராடத்தான் செய்தார். முதலையைத் தள்ளினார், வெறுக்கவில்லை. பன்றியை விரட்டும் எனக்கு அந்த அளவு போதும்.

வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், விலங்குகளை நாம் ஏற்கெனவே தரம் பிரித்து வைத்திருக்கிறோம். மான் அழகு, மான்விழி என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கிறோம். மயில் முருகனின் வாகனம், தேசியப் பறவை. பழனி இருக்கும் மாவட்டத்தில் மயிலை வைதாலும் மெதுவாகத்தான் வைவார்கள். பன்றி வசைச்சொல். மூன்றும் தின்பது ஒரே நாற்றைத்தான். நல்ல பெண், கெட்ட பெண் என்று பிரிக்கும் அதே கை இங்கேயும் வேலை செய்கிறது. 2020 மே மாதம் கேரளத்தில், வெடிபொருள் வைத்த உணவைக் கடித்த ஒரு யானை ஆற்றுநீரில் நின்றபடியே இறந்தது. நாடே அழுதது. அது கருவுற்றிருந்தது என்ற செய்திதான் அழுகையை அவ்வளவு பெரிதாக்கியது. தாயாக இல்லாவிட்டால் அந்த வலி குறைந்த வலியா? சொல்லப்போனால் ராத்திரியில் கிழங்குப் பாத்திக்கு வரும் பன்றிக் கூட்டமும் தாய்களும் குட்டிகளும்தான். வளர்ந்த ஆண் பன்றி பெரும்பாலும் தனியாகத் திரியும். அந்தத் தாய்களுக்கு யாரும் கவிதை எழுதவில்லை. இரக்கத்துக்குத் தாய்மையைத் தகுதியாக வைத்தால், பெண்களுக்கும் அதே அளவுகோல்தான் மிஞ்சும்.

வெறுப்பு வந்துவிட்ட இடத்தில் வேலி கொலைக்கருவியாகிறது. அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைத் தின்பண்டத்துக்குள் வைப்பது ஒன்று. மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்து வரப்பைச் சுற்றிக் கட்டுவது இன்னொன்று. முறையான சூரியசக்தி வேலி விட்டுவிட்டு ஒரு நொடிக்கும் குறைவான அதிர்ச்சியைத் தரும், விலங்கு பயந்து விலகும். நேரடி மின்சாரம் விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன, கூட வந்த இரண்டு குட்டிகள் மிஞ்சின. அந்த ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. இப்படிப்பட்ட கம்பியில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். இருட்டில் அந்த வரப்பு வழியே நடப்பது யார் என்று யோசித்தால் போதும். தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், விடியுமுன் காட்டுக்கு ஒதுங்கப் போகிற பெண். திருட்டு மின்வேலிக்குப் பன்றி வாசமும் தெரியாது, மனுஷி வாசமும் தெரியாது.

2025 ஜனவரியில் காட்டுப்பன்றி குறித்து அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர்வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயச் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது இது. விலங்கு ஆர்வலர்கள் எதிர்க்கிறார்கள். இரண்டு தரப்பின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் கிலோமீட்டர் அளவில் போடப்பட்ட அந்தக் கோட்டில், அடிவாரத்தில் 15 சென்ட்டும் 20 சென்ட்டும் வைத்திருப்பவர்கள் எல்லோரும் முதல் வளையத்துக்குள் வருகிறோம். சுட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சுடக்கூடாத இடத்தில் காவல் வேலை கூடும், அந்த வேலையை யார் செய்வது என்றுதான் கேட்கிறேன்.

பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு உண்டு. கேட்டுப் போனால் பட்டா, சிட்டா, அடங்கல் வேண்டும். பட்டா கணவன் பெயரிலோ, மாமனார் பெயரிலோ, செத்துப்போன பாட்டன் பெயரிலோ இருக்கும். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நிலத்தை நடத்துவோரில் பெண்கள் சுமார் 14 விழுக்காடுதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது, வீடுகளில் அது "அண்ணன்கிட்டப் போயி கேப்பியா?" என்ற ஒரு வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாத்திகளோ பயிர்க் கணக்கிலேயே சேராது. குழம்புக்குப் போகிற கத்தரிக்காய்க்கு விலை கிடையாது. விலையில்லாததற்குச் சேதமும் கிடையாது. பக்கத்துத் தோட்டத்து அக்காவின் நிலம் குத்தகை நிலம், வாய்ப்பேச்சுக் குத்தகை. இரண்டு வருடம் முன்பு பன்றி அழித்த கிழங்குக்கு அவர் மனுவே கொடுக்கவில்லை. "என் பேர்ல என்னத்தா இருக்கு, சேலதான் இருக்கு" என்றார்.

பெண் என்றாலே இயற்கைக்கு நெருக்கமானவள், அவள் இயல்பாகவே காட்டையும் உயிரையும் காப்பாள் என்று சொல்லும் பெண்ணியம் ஒன்று உண்டு. கேட்க இதமாக இருக்கும். பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் 1992-இலேயே இதை மறுத்து எழுதினார். இயற்கையோடு ஒரு பெண்ணுக்கு இருக்கும் உறவை அவள் பிறப்பு தீர்மானிப்பதில்லை. அவள் செய்யும் வேலையும், அவளிடம் நிலம் இருக்கிறதா இல்லையா என்பதும், அவள் வர்க்கமும் சாதியும் தீர்மானிக்கின்றன என்றார். அடிவாரத்தில் அது கண்கூடு. மானைப் பார்த்துப் பரவசப்படுவது சம்பளம் வாங்கும் எனக்கு முடிகிறது. என் கத்தரி போனால் நான் உழவர் சந்தையில் வாங்கிக்கொள்வேன். அக்காவுக்கு அது இந்த வாரத்துக் குழம்பு. ஒரே மான், ஒரே வேலி, இரண்டு பெண்கள். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பெண் இயல்பைத் தேடுவதைவிட, அவர் இழப்பை என் இழப்பின் அளவுக்காவது எழுத்தில் ஏற்றுவது உருப்படியான காரியம்.

அப்படியானால் நியாயமான வேலி எது? எங்கள் பக்கத்தில், குறிப்பாக ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம், கம்பி வருவதற்கு முன்பு கிளுவை வேலிதான். போத்து வெட்டி நட்டால் முளைக்கும், முள் இருக்கும், ஆட்டுக்குத் தழை தரும். அதனடியில் ஓணானும் கீரியும் இருக்கும், மேலே குருவி கூடு கட்டும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022 அக்டோபரில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. தேவாங்கு இரவில் பூச்சிகளைத் தின்னும், அந்தப் பூச்சிகளில் பல பயிரைத் தின்பவை. எல்லா இரவாடியும் எதிரி இல்லை என்பதற்கு அந்தச் சின்ன உயிர் சாட்சி. உயிர்வேலி தடுக்கவும் செய்கிறது, இடம் கொடுக்கவும் செய்கிறது. பன்றி முட்டிப் புகுந்துவிடும் என்பதும் உண்மை. அடியில் முள் அடைக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கழித்துவிட வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும்.

ஆகவே வேலியை அளக்க எனக்கு மூன்று கேள்விகள் போதும். தடுக்கப்படும் உயிர் திரும்பிப் போய்ப் பிழைக்க முடியுமா? வேலியின் விலையை, அதாவது தூக்கத்தையும் நேரத்தையும் துணியையும், வீட்டில் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்களா? வேலிக்குள் இருப்பது யாருடைய உழைப்பு என்று எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லி மற்ற இரண்டையும் விட்டுவிடும் வேலி, மானுக்கு மட்டும் கருணை காட்டுகிறது. பின் இரண்டுக்கு மட்டும் ஆம் என்று சொன்னால், பெண்ணும் சமபங்கு பெற்ற கொலைகாரியாகிறாள். மூன்றும் சேர்ந்து வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது கேள்விக்கு இடம் இருக்கிறது. மே 1 அன்று எல்லா ஊரிலும் கிராமசபை கூடும். சாலை, தண்ணீர், தெருவிளக்கு என்று தீர்மானங்கள் வாசிப்பார்கள். அங்கே பெண்கள் எழுந்து, விலங்குச் சேத மனுவில் பட்டாதாரர் பெயரோடு பயிர் செய்தவர் பெயரும் இருக்க வேண்டும், குத்தகைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் சேர்த்து என்று ஒரு தீர்மானம் கேட்கலாம். தீர்மானம் உடனே சட்டமாகாது. ஆனால் ஊர்ப் பதிவேட்டில் ஒரு வரி ஏறும். அக்காவிடம் இதைச் சொன்னேன். "எழுதுனா மட்டும் பன்னி வராமப் போயிருமா?" என்று சிரித்தார். பிறகு, "சரி, என் பேரச் சரியா எழுதச் சொல்லு. ரேஷன் கார்டுல தப்பா இருக்கு" என்றார்.